பயப்படாமல் சாப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் கோயில் மண்டபங்களில் சர்க்கரை, உப்பு, எண்ணெய் பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். மேடையில் எதைப் பேசினாலும், கூட்டம் கலைந்த பிறகு ஓரமாக வந்து மெல்லக் கேட்கிற கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். சாப்பாட்டை நினைத்தாலே வருகிற பயம், வெட்கம், குற்ற உணர்ச்சி பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது பொதுவான விளக்கம். மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

சாப்பாட்டோட நல்ல உறவு வேணும்னு சொல்றீங்க. சத்தானதா பார்த்துச் சாப்பிட்டா போதாதா?

போதாது. கீரையும் மீனும் மட்டுமே சாப்பிடுகிற ஒருவர், ஒரு லட்டு வாயில் போனதற்காக மூன்று நாள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தால் அவர் நலமாக இருக்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். தட்டில் என்ன இருக்கிறது என்பது பாதி. சாப்பிடும் முன்னும் பின்னும் மனதில் என்ன ஓடுகிறது என்பது மீதி.

பசித்தால் சாப்பிட முடியவேண்டும். போதும் என்றால் நிறுத்த முடியவேண்டும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு பேசிச் சிரித்துக்கொண்டே சாப்பிட முடியவேண்டும். ஒரு வேளை கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டாலும், அடுத்த வேளைக்கு வழக்கம்போல உட்கார முடியவேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

எனக்குப் பிரச்சனை இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?

ஒரு நாளில் எவ்வளவு நேரம் சாப்பாட்டைப் பற்றியே கணக்குப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். மதியம் என்ன சாப்பிட்டோம், அதை எப்படிச் சரிக்கட்டுவது, சாயங்காலம் எதைத் தவிர்ப்பது என்று வேலைக்கு நடுவே ஓடிக்கொண்டே இருக்கிறதா? யாரும் பார்க்காதபோது மட்டும் சில பொருள்களைச் சாப்பிடுகிறீர்களா? பொட்டலத்தைக் குப்பையின் அடியில் மறைக்கிறீர்களா? சாப்பாட்டுக்குப் பயந்து விருந்துக்குப் போவதைத் தவிர்க்கிறீர்களா? காலையில் எடைமெஷின் காட்டுகிற எண்தான் அன்றைய மனநிலையைத் தீர்மானிக்கிறதா?

இதில் ஏதாவது ஒன்று எப்போதாவது நடப்பது எல்லோருக்கும் உண்டு. வாரத்தில் பல நாள் நடந்தால் கவனிக்க வேண்டும். ஆள் ஒல்லியா பருமனா என்பதை வைத்து இதைச் சொல்லவே முடியாது.

சோத்த நிறுத்தினா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்களே?

சோறு ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய 200 கலோரி. ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300. சோற்றை அடியோடு நிறுத்தியவர்கள் பலர் மூன்று மணிக்கு பிஸ்கட் டின்னைத் திறக்கிறார்கள், ஐந்து மணிக்குக் கறிபாப் தேடுகிறார்கள். சோற்றில் குறைந்தது அங்கே கூடிவிடுகிறது. 'இன்றைக்கும் தோற்றுவிட்டேன்' என்கிற எண்ணமும் கூடவே வருகிறது.

சுகாதார அமைச்சின் 'சுகு-சுகு-செபாரோ' தட்டு எனக்குப் பிடித்த வழிகாட்டி. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, டோஃபு, தெம்பே மாதிரி ஏதாவது. அரைப் பங்கு காய்கறியும் பழமும். சோறு அங்கேயும் இருக்கிறது, அதற்கான இடத்தில். வாழையிலைச் சாப்பாட்டில்தான் இது தலைகீழாகிறது: நடுவில் குவியலாகச் சோறு, மேல் ஓரத்தில் வகைக்கு ஒரு கரண்டியாக மூன்று காய். பரிமாற வருபவரிடம் முதலிலேயே "அண்ணே, சோறு பாதி போதும், கீரை இன்னும் ரெண்டு கரண்டி" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான கடைகளில் மறுசோறு போலவே மறுபடி காய் வைப்பதற்கும் காசு வாங்குவதில்லை.

பகல் பூரா கட்டுப்பாடாத்தான் இருக்கேன். ராத்திரி பத்து மணிக்கு மேல கை நிக்கவே மாட்டேங்குது. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?

எனக்கு மிக அதிகமாக வருகிற கேள்வி இது, பெரும்பாலும் பெண்களிடமிருந்து. பதில் சொல்வதற்கு முன் அன்றைய நாளைச் சொல்லச் சொல்வேன். காலையில் பசியாறவில்லை, பால் இல்லாத கோப்பி ஓ மட்டும். மதியம் வேலையிடத்தில் இரண்டு கிரீம் கிராக்கர். சாயங்காலம் எல்.ஆர்.டி.யில் நெரிசல். வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குத் தோசை சுடும்போது, பிய்ந்துபோன ஒன்றை நின்றபடியே வாயில் போட்டது. பத்து மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு ஐஸ்பெட்டியைத் திறந்து, சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் மீந்த சோறும் நெத்திலிச் சம்பலும். பிறகு முறுக்கு டின். பிறகு பிள்ளைகளின் மைலோ மாவு, கரண்டியோடு. இதைச் சொல்லும்போது பலர் அழுதுவிடுவார்கள்.

இது மனக்கட்டுப்பாட்டைப் பற்றிய விஷயமே இல்லை, பசி. வயிறு நீண்ட நேரம் காலியாக இருந்தால் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, மூளையைச் சாப்பாட்டின் பக்கம் திருப்புகிறது. அதிலும் இனிப்பு, எண்ணெய் மாதிரி சட்டென்று சக்தி தருவதைத்தான் உடம்பு தேடும். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945-இல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 திடகாத்திரமான இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஆறு மாதம் அவர்களுக்குச் சாப்பாட்டைப் பாதி அளவுக்குக் குறைத்தார். கொஞ்ச நாளிலேயே அவர்களுக்கு வேறு பேச்சே இல்லாமல் போய்விட்டது. சமையல் குறிப்புப் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், சாப்பாட்டைக் கனவில் கண்டார்கள். பட்டினிக் காலம் முடிந்து வேண்டிய மட்டும் கொடுத்தபோது, வயிறு முட்டிய பிறகும் பசி அடங்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். அதற்கு முன்பு அவர்களுக்குச் சாப்பாட்டில் ஒரு சிக்கலும் இருந்ததில்லை. அவர்களுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1,570 கலோரி. இன்று டயட் என்ற பெயரில் நம் பெண்கள் இதைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறார்கள்.

ஆகவே இரவைத் திருத்தப் பகலில் தொடங்க வேண்டும். காலையில் பசியாறுங்கள்: மூன்று இட்லி, சாம்பார், ஒரு அவித்த முட்டை. மதியம் மேலே சொன்ன தட்டு. நாலரை, ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி கச்சானோ (வேர்க்கடலை). இரவு உட்கார்ந்து ஒரு சாப்பாடு. இதற்கு மேல் பத்து மணிக்கு முறுக்கு வேண்டும்போல இருந்தால் தட்டில் எடுத்து வைத்து, விளக்கைப் போட்டு, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரவுக்குத் தடை போட வேண்டாம். பகல் ஒழுங்கானால், சில வாரங்களில் இரவின் வேகம் தானாகத் தணிவதை நான் நிறையப் பேரிடம் பார்க்கிறேன்.

பசின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. எதை வச்சு சாப்பிடறது?

அப்படியானால் இப்போதைக்கு கடிகாரத்தை வைத்துச் சாப்பிடுங்கள். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது. வருடக்கணக்கில் அடக்கி வைத்த பசி உடனே திரும்பி வராது. ஒழுங்காகக் கொடுத்தால் மெல்ல வரும். போதும் என்ற உணர்வு மூளைக்கு எட்ட ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வேளையாவது நிதானமாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

தே தாரேக் இல்லாம என்னால இருக்க முடியாது. விட்டே ஆகணுமா?

விட வேண்டாம், எண்ணுங்கள். தே தாரேக் என்கிற ஆற்றிய பால் தேநீரில் ஊற்றுகிற இனிப்பு டின் பாலில் ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. ஒரு கிளாசுக்கு இரண்டு கரண்டி ஊற்றினால் 20 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சேர்க்கப்பட்ட சர்க்கரை சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 25-க்குள் என்கிறது. காலை ஒன்று, பத்தரைக்கு ஒன்று, சாயங்காலம் நண்பர்களோடு ஒன்று என்றால் வேறு எதையும் தொடாமலே 60 ஆகிவிடும்.

நாளின் மிகச் சிறந்த ஒரு தே தாரேக்கை வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு குடிப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் அது இருக்கட்டும். மற்ற வேளைக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங், அல்லது பால் வேண்டும் என்றால் சர்க்கரை இல்லாத தே சி கோசோங். ஒரேயடியாகக் கோசோங் பிடிக்கவில்லை என்றால் 'கூராங் மானிஸ்', அதாவது இனிப்பு குறைவாக, என்று தொடங்குங்கள். நாக்கு சில வாரத்தில் பழகிவிடும். 2019 ஜூலை முதல் நாட்டில் இனிப்புப் பானங்களுக்கு வரி இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலையில் அடைத்து வருகிற பானத்துக்குத்தான். மாமாக் கடையில் கண்ணெதிரே ஆற்றித் தருகிற கிளாசுக்கு நாம்தான் கணக்கு.

வாரத்துல ஆறு நாள் டயட், ஞாயித்துக்கிழமை மட்டும் இஷ்டத்துக்கு. நல்ல வழிதானே?

நல்ல வழியாகத் தெரியும். நடப்பது என்னவென்றால், சனிக்கிழமை இரவே மனம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏங்கத் தொடங்கிவிடும். நாளைக்குக் கிடைக்காது என்று தெரிந்தால் யாரும் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கோடு (தேங்காய்ப்பால் சோறு) நிறுத்த மாட்டார்கள். மின்னசோட்டா இளைஞர்களுக்கு நடந்ததுதான் இங்கே வாரா வாரம் சிறிய அளவில் நடக்கிறது.

நாசி லெமாக் பாவமும் இல்லை, ஓட்ஸ் புண்ணியமும் இல்லை. அடிக்கடி சாப்பிடுவது, எப்போதாவது சாப்பிடுவது என்ற பிரிவு போதும். புதன்கிழமை நாசி லெமாக் வேண்டுமா, ஒரு பொட்டலம் வாங்கி, ஒரு வெள்ளரிக்காயைக் கூட நறுக்கி வைத்து, ருசித்துச் சாப்பிடுங்கள். வியாழக்கிழமை சாதாரண நாள்.

மாமியார் விடாம பரிமாறுறாங்க. வேணாம்னா கோச்சிக்கிறாங்க. என்ன பண்றது?

முதலில் அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்ப்போம். ஜப்பான்காரன் காலத்தில், 1941 கடைசியிலிருந்து 1945 வரை, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்த தலைமுறை இது, அல்லது அவர்கள் கையில் வளர்ந்தவர்கள். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆண்களைப் பறிகொடுத்த தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனையோ. சண்டைக்குப் பிறகும் தோட்டத்துச் சம்பளத்தில் எல்லோரும் வயிறார உண்ட நாள்கள் குறைவு. அந்த வீடுகளில் தட்டு நிறையச் சோறு வைப்பதுதான் 'உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்கிற வழி. மருமகள் தட்டைத் தள்ளினால் அது வேறு விதமாகக் காதில் விழுகிறது.

ஆகவே அன்பை ஏற்றுக்கொண்டு அளவை மட்டும் மறுக்க வேண்டும். "அத்தை, மீன் குழம்பு அவ்வளவு நல்லா இருக்கு. வயிறு நெறஞ்சிடுச்சு. கொஞ்சம் பொங்குஸ் பண்ணிக் குடுங்களேன், நாளைக்கு வேலைக்குக் கொண்டு போறேன்." இப்படிச் சொன்ன வீடுகளில் பெரும்பாலும் சண்டை வருவதில்லை. 'டயட்', 'கொழுப்பு', 'இவ்வளவு எண்ணெயா' என்ற பேச்சை மேசையில் எடுக்காதீர்கள். அது சமைத்தவரைக் குறை சொல்வதாகத்தான் போய்ச் சேரும். முதல் தடவையே குறைவாகப் போட்டுக்கொண்டு, இரண்டாம் தடவை கொஞ்சம் வாங்கிக்கொள்வதும் உதவும். அவர்களுக்குப் பரிமாறிய நிறைவு, உங்களுக்கு அளவு.

எந்த விசேஷத்துக்குப் போனாலும் "என்ன இப்படிப் பெருத்துட்ட"ன்னு கேக்குறாங்க. அதக் கேட்டாலே சாப்பிடப் பிடிக்கல.

கேட்பவர்கள் அக்கறை என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். ஆனால் அது புண்படுத்துகிறது. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு ஒரு வாரம் பட்டினி கிடந்த பதினைந்து வயதுப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். "நல்லா இருக்கேன் ஆன்ட்டி, நீங்க எப்படி இருக்கீங்க, முட்டி வலி தேவலையா?" என்று பேச்சை மாற்றிவிடுங்கள். விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. நெருங்கிய சொந்தம் என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்: "என் உடம்பைப் பத்தி பேசாதீங்க சித்தி, எனக்குக் கஷ்டமா இருக்கு."

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளை யாராவது இப்படிக் கேட்டால் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள். "அவ நல்லாத்தான் இருக்கா" என்று அங்கேயே சொல்லுங்கள். பிள்ளை அதை வாழ்நாள் முழுக்க மறக்காது.

பையன் சாப்பிடவே மாட்டேங்கிறான். கைப்பேசியக் காட்டித்தான் ஊட்டுறேன். தட்டக் காலி பண்ணச் சொல்லி மிரட்டலாமா?

மிரட்டவும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொன்ன பங்கீடு எனக்கு வீடுகளில் மிகவும் பயன்படுகிறது: என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் தீர்மானிப்பது. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை தீர்மானிப்பது. நடுவில் பிஸ்கட்டும் மைலோவும் கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் மேசைக்கு வரும்போது பசி இருக்காது, அதை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள்.

திரையைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. வளர்ந்த பிறகு மேலே சொன்ன 'பசியே மறந்துபோச்சு' கேள்வியோடு வருவார்கள். எடை கூடவில்லை, அடிக்கடி நோய், குறிப்பிட்ட இரண்டு மூன்று உணவைத் தவிர எதையும் தொடுவதில்லை என்றால் பிள்ளையை அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள்.

கவலை வந்தா சாப்பிடறேன். அதைத் தப்புன்னு சொல்றீங்களா?

இல்லை. துக்க வீட்டிலும் சாப்பாடு போடுகிற சமூகம் நாம். வருத்தத்தில் ஒரு கோப்பை சூடான பாயாசம் இதமாக இருந்தால் இருக்கட்டும். அது ஒன்றே வழி என்று ஆகும்போதுதான் சிக்கல். கை டின்னுக்குப் போகும்போது ஒரு நிமிடம் நின்று, 'கடைசியாக எப்போது சாப்பிட்டேன்?' என்று கேளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் அது பசி, சாப்பிடுங்கள். இல்லை என்றால் களைப்பா, கோபமா, தனிமையா என்று பாருங்கள். ஒருவரோடு பேசுவது, குளிப்பது, சீக்கிரம் படுப்பது எல்லாம் அதற்கு மருந்துதான். அதற்கு அப்புறமும் சாப்பிட்டால் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். திட்டினால் அடுத்த நாள் பட்டினி, அடுத்த இரவு மறுபடி ஐஸ்பெட்டி.

கூட வேலை செய்யற அக்கா மெலியற கோப்பி விக்கிறாங்க. மாசத்துல ஆறு கிலோ குறையுதாம். குடிக்கலாமா?

குடிக்காதீர்கள். மெலிய வைக்கும் கோப்பி, ஜூஸ், மாத்திரை என்று விற்கப்படுபவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, வாய் வறட்சியை 'கொழுப்பு கரையுது' என்று விற்பவர் சொல்வார். ஏற்கெனவே குடித்து இப்படி இருந்தால் நிறுத்திவிட்டு, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

அப்போ எடை குறைக்கணும்னு நினைக்கிறதே தப்பா?

தப்பில்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எடை கூடியவர்கள், ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு). அதிலும் இந்தியர்களிடம் இனிப்புநீர் மற்ற இனங்களைவிட அதிகம். நம் உடம்பில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிற வாகு உண்டு. அதனால் ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 23-இலிருந்தே கவனிக்கச் சொல்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இதையெல்லாம் மறைத்து 'எந்த எடையும் பரவாயில்லை' என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் எடை என்பது ஒரு விளைவு. உங்கள் கையில் இருப்பவை பசியாறுவது, காய்கறி, தே தாரேக் கணக்கு, சாப்பிட்ட பிறகு கால்மணி நேர நடை, தூக்கம். இவற்றை நடத்துங்கள், எடை தன் வேகத்தில் வரட்டும். தினமும் எடை பார்ப்பதை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். 40 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் குறைந்த பி40 குடும்பத்தினருக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் பரிசோதனை இலவசம்.

எனக்கு இனிப்புநீர். நீங்க சொல்ற மாதிரி 'எதுவும் பாவமில்ல'ன்னு இருக்க முடியுமா? டாக்டர் திட்டுவாரே?

முடியும். உங்களுக்குத்தான் இது இன்னும் அதிகம் தேவை. பயத்தில் காலையும் மதியமும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, இரவில் அடக்க முடியாமல் சாப்பிடும்போது, ரத்தச் சர்க்கரை பகலில் விழுந்து இரவில் ஏறுகிறது. கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வேளை தவறுவது நேரடியான ஆபத்து: வேர்வை, நடுக்கம், தலைசுற்றல், மயக்கம். அப்படி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோறு, தோசை, சப்பாத்தி எதுவானாலும் ஒவ்வொரு வேளையும் ஏறக்குறைய ஒரே அளவாக, கூடவே பருப்போ மீனோ காயோ இருந்தால் சர்க்கரை சட்டென்று எகிறாது. தீபாவளிக்கு ஒரு அதிரசம் சாப்பிட விரும்பினால் வெறும் வயிற்றில் சாப்பிடாமல், சாப்பாட்டோடு, அந்த வேளைச் சோற்றில் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடலாம். ஒளித்துச் சாப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒளித்துச் சாப்பிட்டதை டாக்டரிடமும் மறைப்பீர்கள், அவர் தெரியாமல் மருந்தைக் கூட்டுவார்.

இன்னொன்று, இதை யாரும் வெளியே பேசுவதில்லை: எடை குறைய வேண்டும் என்று வேண்டுமென்றே இன்சுலினைத் தவிர்க்கிற இளம் பெண்கள் இருக்கிறார்கள். இது உயிருக்கு ஆபத்து. உங்களுக்கு அப்படி இருந்தால் கடைசி இரண்டு கேள்விகளை இன்றைக்கே படியுங்கள்.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கேன். அதுவும் பட்டினிதானே, அதையும் வேணாம்பீங்களா?

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பத்துமலைக்கோ பினாங்குத் தண்ணீர்மலைக்கோ காவடி எடுப்பவர் சிலர் 48 நாளும், சிலர் ஒரு வாரமும் சைவம் இருந்து, ஒரு வேளை உண்டு, தரையில் படுத்து இருக்கிற விரதம் கடவுளுக்காக. முடிகிற நாள் அதற்கு உண்டு, சுற்றிலும் ஆள்கள் உண்டு, முடிந்ததும் அன்னதானம் உண்டு. ஒரு வேளை உண்பவர்கள் அந்த வேளையில் பருப்பு, தயிர், கீரை, பழம் எல்லாம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீரை மறக்காதீர்கள். இனிப்புநீர் மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் பேசி மருந்து நேரத்தை மாற்றாமல் தொடங்கக் கூடாது.

பார்க்க வேண்டியது நோக்கத்தை. விரதம் முடிந்த பிறகும் மகள் 'இன்னும் விரதம்' என்கிறாளா? வெள்ளிக்கிழமை விரதம் வியாழன், சனி என்று நீள்கிறதா? எடையைப் பார்த்துப் பார்த்து விரதம் இருக்கிறாளா? அப்படியானால் சாமியின் பெயருக்குப் பின்னால் வேறு ஒன்று நடக்கிறது. கோபப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். முன்பே உணவுக் கோளாறு இருந்து மீண்டவர்கள் விரதம் இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பால்குடம் எடுக்கலாம், அன்னதானத்தில் பரிமாறலாம், முருகனுக்கு வேறு வழிகளில் தொண்டு செய்யலாம்.

சாப்பிட்டதும் வாந்தி எடுத்துடறேன். வீட்ல யாருக்கும் தெரியாது. இத யார்கிட்ட சொல்றது?

இதைக் கேட்கத் துணிந்ததே பெரிய காரியம். இது புலிமியா என்கிற நோயாக இருக்கலாம்; நோய்க்கு மருத்துவம் உண்டு. அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், அமிலத்தால் பல் எனாமல் கரையும். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள், தண்ணீரில் கொப்பளியுங்கள். மயக்கம், நெஞ்சுத் துடிப்பில் மாற்றம், வாந்தியில் ரத்தம் என்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாதவிடாய் நின்றுபோவதும் எடை வேகமாகக் குறைவதும் டாக்டர் உடனே பார்க்க வேண்டிய அறிகுறிகள்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றால் முதலில் தொலைபேசியில் சொல்லலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான 'தாலியான் ஹீல்' எண் 15555. மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கிற கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, அது 24 மணி நேரமும் உண்டு. வீட்டில் உங்களைத் திட்டாத ஒருவர் இருப்பார், அத்தையோ அக்காவோ. அவரிடம் இந்தப் பகுதியைக் காட்டி, "இது எனக்கும் இருக்கு" என்று சொன்னால் போதும்.

கிளினிக்குக்குப் போனா என்ன நடக்கும்? என்ன எடுத்துட்டுப் போகணும்?

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். டாக்டர் எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் உணவியல் அதிகாரிக்கும் மனநலப் பிரிவுக்கும் கடிதம் எழுதித் தருவார். தனியாரிடம் போவதானால் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்த உணவியலாளரா என்று கேளுங்கள். பொடி விற்பவரும் தன்னை ஆலோசகர் என்றுதான் சொல்லிக்கொள்வார்.

எடுக்கிற மருந்துகளின் பட்டியல், சர்க்கரை அளவு எழுதிய புத்தகம், கடைசி மூன்று நாள் என்ன சாப்பிட்டீர்கள், எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து என்ற குறிப்பு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். ஒளித்துச் சாப்பிட்டதையும் அதில் எழுதுங்கள். எடையைப் பார்க்கப் பயமாக இருந்தால் "எண்ணை என்னிடம் சொல்ல வேண்டாம்" என்று தாதியிடம் கேட்டுக்கொண்டு, திரும்பி நின்று ஏறலாம். முதல் டாக்டர் அவசரப்பட்டு 'கம்மியா சாப்பிடுங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் அங்கே நின்றுவிட வேண்டாம். அடுத்த முறை வேறு டாக்டரிடம், "எனக்குச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்த முடியல, உணவியல் அதிகாரியைப் பார்க்கணும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.